பென்சில் கோடு மலைக்குத் திரும்பிய இடம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே தொனாத்தா நான்கு கிலோ கத்தரிக்காயை வட்டம் வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி வடியவிட்டிருந்தாள்.

புறப்பாடு என்னவோ திங்கட்கிழமைதான். போவது ஆறே நாள். வழி நெடுகச் சாப்பாட்டுக் கடைகள். ஆனாலும் எங்கள் லெச்சே ஊர்ப் பெண்களிடம் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கடற்கரைக்குப் போனால்கூட ஒரு குடும்பம் மூன்று வேளை சாப்பிடும் அளவுக்குக் கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

"அம்மா, நாம சுற்றுலா போறோமா, இல்லே வீடு மாத்திட்டுப் போறோமா?" என்று கேட்டபடி உள்ளே வந்தாள் மகள் மேனா. முப்பத்துநாலு வயது. பள்ளிக்கூட ஆசிரியை. வார்த்தை கொஞ்சம் கூர்மையாகத்தான் வரும்.

"பேசுடீ, பேசு. கடலைப் பார்த்ததும் பசிக்கும். அப்போ யாரு அம்மா அம்மான்னு வர்றான்னு நானும் பார்க்கறேன்."

இந்தப் பயணத்துக்குத் தொனாத்தா காத்திருந்தது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. கல்யாணம் ஆகி நாற்பது வருஷம். கணவன் பந்தலேயோ குவார்த்தா முப்பத்தேழு வருஷம் வெளியூர் பஸ் ஓட்டியவர். லெச்சேயில் கிளம்பி, தாரந்தோ தொட்டு, கடலை ஒட்டிய நூற்றாறாம் எண் சாலையில் நாள் முழுக்க ஓட்டி, தெற்கே கலாப்ரியா மாகாணத்தின் அடிமுனை வரைக்கும் போவார். செவ்வாய் போனால் புதன் திரும்புவார். அந்தச் சாலையை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பிள்ளைகள், மாமனார், மாமியார், வீடு என்று வருஷங்கள் ஓடிவிட்டன. கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. "உங்கப்பா ஓட்டின ரோட்டிலே என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. அது போதும்."

பந்தலேயோவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் வண்டி ஓட்டப் போவது மகன். தூரின் நகரத்திலிருந்து இன்று மதியம் ரயிலில் வருகிறான். வழி போட்டுக் கொடுத்தது மட்டும் பந்தலேயோ. செல்போன் சொல்லும் வழியில் போகிறவன் டிரைவரே இல்லை என்பது அவர் கட்சி. பழைய வரைபடத்தை மேசையில் விரித்துப் பென்சிலால் கோடு இழுத்தார். கோடு கடலோரமாகவே அழகாக வந்தது. தோர்ரகாப்ரா என்ற சின்ன ஊருக்குக் கொஞ்சம் முன்னால் வந்ததும் திடுமென்று மலைக்கு ஏறி, எண்பது கிலோமீட்டர் சுற்றி, அந்த ஊரைத் தாண்டியபின் மறுபடி கடலுக்கு இறங்கியது. ஏன் என்று கேட்டதற்கு "ரோடு வேலை நடக்குது" என்றார். போன வார அத்தியாயத்தில் நாம் கதையை நிறுத்திய இடம் அதுதான்.

"ரோடு வேலையெல்லாம் ஒண்ணும் இல்லேம்மா. நேத்து விசாரிச்சுட்டேன்" என்றாள் மேனா.

தொனாத்தா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். "எனக்குத் தெரியும். ஏதோ கோபம். அந்த ஊர்க்காரன் எவனாவது இவர் பஸ்ஸை இடிச்சிருப்பான். ஆனா நான் விடறதா இல்லே. கல்யாணமான புதுசுலே ஒரு தடவை சொன்னார், தோர்ரகாப்ராவிலே கடல் நீலமா இருக்காது, பச்சையா இருக்கும்னு. அதுக்கப்புறம் அந்த ஊர்ப் பேச்சையே எடுக்கலே. நான் அந்தப் பச்சையைப் பார்க்கணும். நீ போன் பண்ணி அங்கே ரூம் போட்டுடு. போய் இறங்கினப்புறம் உங்கப்பா என்ன, ரோட்டிலேயேவா படுப்பார்?"

"யாரு பேர்லே போடறது?"

"ஒரோன்சோ பேர்லே போடு. அவன்தானே ஓட்டறான்."

மேனாவுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் பெயர் ஒரோன்சோ. எங்கள் ஊர்க் காவல் புனிதரின் பெயர். இந்தச் சீமையை விட்டு நாலு எட்டு வைத்தால் ஒருவருக்கும் இருக்காது. தூரினில் அவன் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் சிரிப்பை அடக்குவார்களாம். இந்தக் காலத்தில் யார் பிள்ளைக்கு ஒரோன்சோ என்று வைக்கிறார்கள்?

"பாவம்மா அண்ணன். வேற பேரே கிடைக்கலியா உனக்கு?"

கத்தரிக்காய் வட்டங்களை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். இந்தக் கேள்வி வந்தால் அவளுக்கு அடுப்பு, கரண்டி எல்லாம் மறந்துவிடும்.

"மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு. அதுதான் முறை. உங்கப்பா என்ன பண்ணார் தெரியுமா? 'வேண்டாம் தொனாத்தா, பழைய பேரு, வேற வைக்கலாம்'னார். பந்தலேயோவா பேசறதுன்னு எனக்கு ஒரே ஆச்சரியம்! கிறிஸ்துமஸ் பலகாரத்திலே ஒரு கிராம்பு குறைஞ்சாலே முறை போச்சுன்னு குதிக்கிற மனுஷன். நான் ஒத்துக்கலே. மூணு நாள் சண்டை. கடைசியிலே நான்தான் ஜெயிச்சேன். பேரைச் சொன்னதும் என் மாமனார் பிள்ளையைக் கையிலே வாங்கிட்டு ஓன்னு அழுதார். அதுவரைக்கும் என்னை ஒரு வார்த்தை பாராட்டாத மனுஷன்! நான் இந்த வீட்டு மருமகளா ஆனது கல்யாணத்தன்னைக்கு இல்லேடீ. அன்னைக்குத்தான்."

நூறு தடவை கேட்ட கதை. மேனா தலையாட்டிவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

எங்கள் ஊர்க் கல்வீடுகளில் சுவர் முக்கால் மீட்டர் தடிமன். வீட்டுக்குள் செல்போன் பேசினால் பாதி வார்த்தை சுவரோடு போய்விடும். அதனால் கூடத்துத் தொலைபேசிக்கு இன்னும் வேலை இருக்கிறது. தோர்ரகாப்ராவில் இருப்பதோ ஒரே விடுதி. ஆறு அறை. மேனா எண்ணைச் சுழற்றினாள்.

"சொல்லுங்க." ஓர் ஆண் குரல். பின்னால் அலைச் சத்தம்.

செவ்வாய்க்கிழமை இரவுக்கு இரண்டு அறை வேண்டும் என்றாள். இருக்கிறது என்றான். கடல் பக்கமா? கடல் பக்கமே. நல்ல மனிதனாகத்தான் தெரிந்தான்.

"என்ன பேர்லே எழுதட்டும் மேடம்?"

"ஒரோன்சோ குவார்த்தா."

மறுமுனையில் சட்டென்று சிரிப்பு.

"யாரு மேடம், நம்ம மீன் கடைக்காரன் ஏத்திவிட்டானா? காலங்கார்த்தாலே விளையாடறீங்களே."

"விளையாட்டா? இல்லியே. ஒரோன்சோ குவார்த்தா. எங்க அண்ணன் பேரு."

"மேடம், அது என் பேரு."

மேனாவும் சிரித்தாள். அடுத்த நொடியே நிறுத்திவிட்டாள். ஒரோன்சோ என்ற பெயர் கலாப்ரியாவில் கிடையாது. குவார்த்தாவும் எங்கள் பக்கத்துக் குடும்பப் பெயர். இரண்டும் சேர்ந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மீன்பிடி ஊரில் எப்படி இருக்கும்?

"உங்க ஊர்லே இந்தப் பேரு... இருக்காதே?" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"இந்தக் கடற்கரை முழுக்க நான் ஒருத்தன்தான். பள்ளிக்கூடத்திலே பேரைச் சொல்லியே அழவெப்பானுங்க. எங்க அப்பா உங்க பக்கத்துக்காரர். முறைப்படி அவரோட அப்பா பேரை வெச்சார். பஸ் ஓட்டினார். மேடம், நீங்க எங்கேருந்து பேசறீங்க?"

"உங்க... உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்திரண்டு. ஏன்?"

மேனா போனை வைத்துவிட்டாள். அண்ணனுக்கு வயது முப்பத்தெட்டு.

மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு. சமையலறையில் அம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மூணு நாள் சண்டை. வேண்டாம் தொனாத்தா, வேற வைக்கலாம். அப்பா ஏன் வேண்டாம் என்றார் என்று மேனாவுக்கு இப்போது விளங்கியது. அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டிருந்தது.

"ரூம் கிடைச்சுதா?" என்று உள்ளிருந்து கேட்டாள் தொனாத்தா.

"அப்புறம் சொல்றேன்மா" என்று எப்படியோ சொல்லிவிட்டு மேனா படியிறங்கி ஓடினாள்.

கீழே கார் கொட்டகையில் பந்தலேயோ டயருக்குக் காற்று அளந்துகொண்டிருந்தார். அறுபத்தேழு வயது. வண்டி ஓட்ட அனுமதி இல்லாவிட்டாலும் வண்டியைத் தொட அனுமதி உண்டு என்பார்.

"முன் டயர்லே குறைச்சலா இருக்கு. உங்கண்ணன் வந்ததும்..."

"எந்த அண்ணன்பா?"

அவர் நிமிர்ந்தார்.

"தோர்ரகாப்ராவுக்குப் போன் பண்ணேன். ரூம் போட. எடுத்தவர் பேரு ஒரோன்சோ குவார்த்தாவாம்."

பந்தலேயோவின் கையிலிருந்த கருவி தரையில் விழுந்து உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை. மகள் முகத்தையும் பார்க்கவில்லை. கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொய் சொல்வார், கோபப்படுவார், யார் சொன்னது என்று கத்துவார் என்றெல்லாம் மேனா எதிர்பார்த்திருந்தாள். அவர் கேட்டது வேறு.

"அவன் குரல் எப்படி இருந்துச்சு?"

மேனா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்போ நிஜமா? அப்பா, நிஜமாவா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. பஸ்ஸிலே சேர்ந்த புதுசு. அவன் அம்மாவைத்தான் கட்டியிருக்கணும். எங்கம்மா கிணத்திலே விழுந்துடுவேன்னு நின்னா. எனக்குத் தைரியம் இல்லே. பேரை மட்டும் கொடுத்தேன். பிறப்புப் பதியற ஆபீஸ்லே போய்க் கையெழுத்துப் போட்டு, என் பையன்னு எழுதிட்டு வந்தேன். அதையாவது செய்யணும்னு தோணிச்சு."

"நாப்பது வருஷமாப்பா! அம்மாகிட்ட நாப்பது வருஷமா!"

"தோர்ரகாப்ராவிலே மத்தியானம் இருபது நிமிஷம் வண்டி நிக்கும். செவ்வாய்க்கிழமை அவன் ஸ்டாப்பிங்கிலே வந்து நிப்பான். அவ வரமாட்டா, அவனை மட்டும் அனுப்புவா. உங்கம்மா கட்டிக்கொடுத்த டப்பாவை அவன்கிட்ட கொடுப்பேன். பஸ் படியிலே உக்காந்து சாப்பிடுவான். அந்த இருபது நிமிஷம்தான் நான் அவனுக்கு அப்பா. அவ்வளவுதான்."

மேனாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. செவ்வாய்க்கிழமை டப்பா! அம்மா திங்கள் ராத்திரியே கத்தரிக்காய் பொரித்து, தக்காளிச் சாறு கொதிக்க வைப்பாள். புதன்கிழமை டப்பா கழுவியதுபோலக் காலியாக வரும். "மனுஷனுக்கு எவ்வளவு பசி பாரு" என்று பெருமைப்பட்டு, அடுத்த வாரம் இன்னும் ஒரு அடுக்கு கூட வைப்பாள்.

"இப்போ பார்க்கறீங்களா அவரை?"

"ரிடையர் ஆகி ஏழு வருஷம். பார்க்கலே. பஸ் இருந்தவரைக்கும் போறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் போறது?" அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேனா, உங்கம்மாகிட்ட நானே சொல்றேன். போற வழியிலே சொல்லலாம்னு இருந்தேன்."

"எந்த வழியிலேப்பா? அதான் எண்பது கிலோமீட்டர் மலையைச் சுத்திட்டுப் போறீங்களே!"

மேனா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க. இப்பவே. அண்ணன் வர்றதுக்குள்ளே நீங்க வாயைத் திறந்து சொல்லணும். அம்மா இதைத் தெருவிலே யாரோ சொல்லித் தெரிஞ்சுக்கக்கூடாது."

அவர்கள் படியேறும்போதே கூடத்தில் தொலைபேசி மணி அடித்தது. தொனாத்தா எடுக்கும் சத்தமும் கேட்டது. எடுத்தால் அடுத்தவரைப் பேசவிடுவது அவள் வழக்கம் இல்லை.

"ஹலோ, யாரு? சத்தமா பேசு... ஒரோன்சோவா! ஏண்டா, வீட்டு நம்பருக்கு ஏன் பண்றே? ரயில் எங்கே வந்திருக்கு? என்ன அது காத்து இரைச்சல், ஜன்னலை மூடுடா!"

மேனா மூச்சு விட்டாள். அண்ணன்தான். ரயிலிலிருந்து பேசுகிறான்.

"சாப்பிட்டியா? சாப்பிட்டிருக்க மாட்டே. எனக்குத் தெரியாதா? கத்தரிக்காய் பொரிச்சுட்டேன். நடுவிலே முட்டை வெச்சு, இறைச்சி உருண்டை வெச்சு, உனக்குப் பிடிச்ச மாதிரி... என்னது? ஆமா, மேலே ரொட்டித்தூள் போடுவேன். எப்பவும் போடறதுதானே, என்ன புதுசா கேக்கறே?"

படியில் பந்தலேயோவின் கால் நின்றுவிட்டது.

"கேளு, உங்கப்பா தோர்ரகாப்ரா வேண்டாம்னு அடம் பிடிக்கிறார். நீதான் ஸ்டீரிங்கைப் பிடிக்கப் போறே. அவர் பேச்சைக் கேக்காதே, நேரா அங்கே விடு. நான் பார்த்தே ஆகணும் அந்த ஊரை... ஏண்டா பேசமாட்டேங்கறே? அழறியா என்ன? குரல் என்னவோ போல இருக்கே. சளியா?"

மேனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா சொன்ன இரைச்சல் ரயிலுடையது இல்லை. சற்று முன் போனில் அவள் கேட்ட அலைச் சத்தம். வீட்டு எண்ணிலிருந்துதானே அவள் பேசினாள்! அவன் திரும்ப அழைத்திருக்கிறான்.

"செவ்வாய்க்கிழமையா?" தொனாத்தாவின் குரலில் முதல் தடவையாகக் குழப்பம். "நான் எங்கேடா உனக்குச் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கட்டிக்கொடுத்தேன்? அது உங்கப்பா டப்பா. நீ எங்கே பஸ் படியிலே உக்காந்து..."

மேனா மிச்சப் படிகளைத் தாவி ஏறினாள். போனைப் பிடுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது. கூடத்து வாசலை எட்டியபோது கீழே தெருக்கதவு படீரென்று திறந்தது.

"யாராவது இறங்கி வாங்க! ரெண்டு கையிலும் பாரம்! முந்தின ரயிலே கிடைச்சுடுச்சு. அம்மா, பொரியல் வாசனை ஸ்டேஷன் வரைக்கும் வருது!"

மூச்சிரைக்க ஏறி வந்தான் ஒரோன்சோ. அப்பாவையும் தங்கையையும் தாண்டிக் கூடத்துக்குள் நுழைந்து, பைகளைப் போட்டுவிட்டுக் கையை விரித்தான்.

தொனாத்தா நகரவில்லை. காதில் தொலைபேசி. கண் மகன் மேல்.

"நீ இங்கே இருக்கே" என்றாள்.

"பின்னே எங்கே இருப்பேன்?"

அவள் தொலைபேசியைப் பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள். இப்போது மிகவும் மெதுவாக, அந்நியரிடம் பேசுகிற குரலில் கேட்டாள். "தம்பி, நீங்க யாரு?"

மறுமுனை பேசியது. என்ன சொன்னான் என்று மற்ற மூவருக்கும் கேட்கவில்லை. அவள் குறுக்கே பேசவில்லை. நாற்பது வருஷத்தில் தொனாத்தா ஒருவரை முழுதாகப் பேசவிட்டது அன்றுதான் என்று மேனா பிறகு சொன்னாள். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கருகல் வாடை வந்தது. யாரும் அசையவில்லை.

"வயசு?" என்று மட்டும் நடுவில் கேட்டாள். பதில் வந்தது. அவள் உதடு அசைந்து கணக்குப் போட்டது.

பந்தலேயோ வாசலைப் பிடித்தபடி நின்றார். "தொனாத்தா... நான் சொல்லத்தான் வந்தேன்..."

"அம்மா, யாரு போன்லே? என்ன ஆச்சு எல்லாருக்கும்?" என்றான் மகன்.

அவள் அவனுக்கும் பதில் சொல்லவில்லை. தொலைபேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கணவனை நேராகப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. அவள் கேட்டது அந்தப் பெண்ணைப் பற்றி அல்ல. டப்பாவைப் பற்றியும் அல்ல.

"பந்தலேயோ, நான் என் பிள்ளைக்கு அந்தப் பேரை வெச்சப்போ உங்கப்பா அழுதாரே. அவரும் தெரிஞ்சுதான் அழுதாரா?"

பந்தலேயோ வாயைத் திறந்தார். அவள் நெஞ்சோடு அழுத்தியிருந்த தொலைபேசிக்குள்ளிருந்து, "ஹலோ? இருக்கீங்களா?" என்ற குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.